பையில் உப்புப் பூத்த இடம்

செப்டம்பர் 18, வியாழன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. காற்று இல்லை. புரட்டாசி பிறந்து இரண்டாம் நாள். மீன்காரம்மா தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

நேற்று சாயங்காலம் பைகள் வந்தன. நான்கு. புதுச்சேரிப் பக்கம் தங்கியிருந்த ஒரு ஜெர்மன் தம்பதி ஊர் திரும்பும்போது விற்றவை. மகள் மலர் பேங்க் முடிந்து நேரே போய் வாங்கி, கோணியில் கட்டி பஸ்ஸில் தூக்கி வந்தாள். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் மாட்டப் பெரியவை இரண்டு, முன்சக்கரத்துக்குச் சிறியவை இரண்டு. பார்க்க ரெக்ஸின் மாதிரி. வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி போட்டால் சொட்டுத் தண்ணீர் புகாதாம்.

வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "இதை நம்ம மாட்டு மேலகூடப் போட மாட்டேன்." எங்களிடம் மாடு கிடையாது.

உள்ளே இருந்தவை:
செம்மண், இரண்டு பிடி.
குழந்தையின் சாக்ஸ், ஒற்றை.
காய்ந்த வாழைப்பழத் தோல்.
கடுகு. ஏன் கடுகு?
பூஞ்சணம், கணக்கில்லாமல்.

நாற்றத்துக்கு உதாரணம்: கோடை விடுமுறை முடிந்து முதல் நாள் திறக்கும் சத்துணவு அறை.

அக்டோபர் 3 அன்று மலர் (இனி ம.) கிளம்புகிறாள். இரண்டு தோழிகளுடன். மரக்காணத்திலிருந்து கன்னியாகுமரி வரை, கரையோரமாக, சைக்கிளில். ஏழெட்டு நாள் ஆகும். பதினோரு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை. தினம் நாலு ஊசி. போன வருடம் நாகப்பட்டினம் வரை என்று கிளம்பினாள். சிதம்பரம் தாண்டியதும் மழை. துணிப்பை ஊறி, சர்க்கரை பார்க்கும் பட்டைகளும் ஊறிவிட்டன. மீட்டரில் எண் வரவில்லை. கை நடுங்கியதாம். சர்க்கரை இறங்கியிருந்தால் உடனே இனிப்பு தின்ன வேண்டும்; ஏறியிருந்தால் ஊசி. எது என்று தெரியாமல் எதைச் செய்வது? கேள்வித்தாளே இல்லாமல் பரீட்சை எழுதுவது போல. சைக்கிளைப் பஸ் மேல் போட்டுத் திரும்பி வந்தாள். மூன்று மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

"கழுவுற வேலைய என்கிட்ட வுடு. நீ பேங்குக்குப் போ" என்றேன்.

"உனக்கு முட்டி வலி இருக்குதேம்மா."

முட்டியாலா கழுவப் போகிறேன்.

செப். 19, வெள்ளி

எழுத வெட்கமாக இருக்கிறது.

சிறிய பை ஒன்றைப் பள்ளிச் சீருடை துவைப்பது போலத் துவைத்தேன். வெந்நீர், சலவைச் சோடா, அரை மணி ஊறல், பிரஷ். உட்புறத்தை வெளியே திருப்பிக் கொடியில் போட்டேன், நட்டநடு வெயிலில். பத்து மணிக்குப் பளிச்சென்று இருந்தது. நானே நின்று ரசித்தேன். மதியம் ஒன்றரைக்குப் பார்த்தால் உட்தோல் முழுக்கக் கொப்புளம். விரல் வைத்தேன், கொதித்து ஆறிய பாலின் ஆடை மாதிரி கையோடு வந்தது. ஆடை போன பிறகு அது வெறும் துணி.

ம. ஆறரைக்கு வந்தாள். பையைக் கையில் எடுத்தாள். உரிந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, மெதுவாக:

"நீ வேணும்னே பண்ணியாம்மா?"

"ஏம்மா, என்ன கேள்வி இது" என்று வீட்டுக்காரர்தான் குறுக்கே வந்தார். நான் "இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. அது சத்தியம். ஆனால் அந்தத் தோல் கையோடு வந்தபோது, ஒரு நொடி, மனம் லேசானது. இனிப் போக மாட்டாள் என்று. இதை இங்கே மட்டும் எழுதலாம்.

செப். 20, சனி

புரட்டாசி முதல் சனி. வடை, பாயசம், படையல். ம. பாயசத்தில் ஒரு கரண்டியை அளந்து எடுத்து, அதற்கு எத்தனை யூனிட் என்று மனக்கணக்குப் போட்டு ஊசி ஏற்றிக்கொண்டாள். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், இந்தக் கணக்கில் அவள் தப்பி நான் பார்த்ததில்லை. என்னிடம் பேச்சு அளவோடுதான்.

தவறை மாணவன் தவறு போல எடுத்துப் பார்த்தேன். நடுவில் நூல் துணி. அதன் இரு பக்கமும் பிளாஸ்டிக் தோல். சூட்டில் நூல் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், பிளாஸ்டிக் வேறு மாதிரி. ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் சித்திரை மாதத்தில் என்ன ஆகும்? அதேதான். வெந்நீர் தவறு, சோடா தவறு, பிரஷ் தவறு, வெயில் தவறு. நூற்றுக்குப் பூஜ்யம். முப்பத்து மூன்று வருடம் அறிவியல் நடத்தியவள்.

புது முறை:
பச்சைத் தண்ணீர் மட்டும்.
பாத்திரம் கழுவும் சோப்பு, பக்கெட்டுக்கு நாலு சொட்டு.
பழைய பனியன் துணி. மடிப்புக்குள் மெல்லிய பல் பிரஷ்.
பூஞ்சணத்துக்கு வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு.
ஸ்டிக்கர் பிசுக்குக்குத் தேங்காயெண்ணெய், அரை மணி கழித்துத் துடைப்பு.
நிழல். வாய் திறந்து. உள்ளே செய்தித்தாள் கசக்கி வைத்து.

பழைய பனியன் ஒன்றுதான் இருந்தது. போதவில்லை. அவர் உள்ளே போய், போட்டிருந்ததைக் கழற்றி வந்து நீட்டினார். இன்னும் கிழியாதது. "கிழிச்சிக்க" என்றார். முப்பது வருடம் தபால் பையை மழையில் சுமந்தவர்; பைக்காக எதையும் தருவார் போல.

செப். 22, திங்கள்

பெரியவை இரண்டும், மிச்சமிருந்த சிறியது ஒன்றும் முடிந்தன. இரண்டரை நாள். மண்ணிறப் பை என்றே நினைத்திருந்தேன், அது சிவப்பு! நல்ல செம்பருத்திச் சிவப்பு. அடிமடிப்பிலிருந்து மட்டும் பல் பிரஷ்ஷால் ஒரு ஸ்பூன் மண் எடுத்தேன். மோந்து பார்த்தேன்: வாடையே இல்லை. அவரையும் மோந்து பார்க்கச் சொன்னேன். "கல்யாணத்துக்குக் கொண்டு போலாம்" என்றார். பூனை ஒரு பைக்குள் படுத்துத் தூங்கியது. அதைவிட நற்சான்றிதழ் வேண்டாம்.

சாயங்காலம் ம. பைகளில் குழாய்த் தண்ணீரை நிரப்பித் தூக்கிப் பிடித்தாள். கீழே ஒரு சொட்டு விழவில்லை. "சூப்பர்மா" என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் "மா".

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா உப்பளத்திலிருந்து திரும்பி வந்தவள், வேலியோரம் நின்றாள். காலில் உப்பு வெள்ளை வெள்ளையாக. இருபது வருடமாக உப்பு வாருகிறவள்.

"இன்னா டீச்சர், மூணு நாளா கைப்புள்ளைய குளிப்பாட்டுற மாதிரி பையக் குளிப்பாட்டினு இருக்கறீங்க. பேரு வச்சாச்சா?"

சொன்னேன். மழை, பட்டை, எல்லாம்.

"நல்ல தண்ணிய ஊத்திப் பாத்தா இன்னாத்தத் தெரியும்? கசிஞ்சாலும் காத்துல காஞ்சிப் போயிரும், உங்க கண்ணுக்கு மாட்டாது. முத்தின தண்ணிய ஊத்திக் கட்டித் தொங்க வுடுங்க. எங்க ஓட்டையோ அங்க பூத்துரும். எங்க மேஸ்திரி தார்ப்பாயை அப்பிடித்தான் பாப்பாரு."

முத்தின தண்ணீர் என்றால் பாத்தியில் உப்பாக உறையப் போகும் தறுவாயில் இருக்கும் நீர். ஆவியாதல் பாடத்துக்கு முப்பத்து மூன்று வருடமும் இதே உப்பளத்தைத்தான் உதாரணம் சொன்னேன். ஒரு நாளாவது இப்படி யோசித்தேனா?

செப். 23, செவ்வாய்

சாயங்காலம் கன்னியம்மா இரண்டு குடம் கொண்டு வந்தாள். ஒன்று தலையில், ஒன்று இடுப்பில். அவர் கார் ஷெட்டின் இரும்புக் குழாயில் கயிறு கட்டினார் (கார் இல்லை, ஷெட் மட்டும் உண்டு). மூன்று பைகளும் தொங்குகின்றன. கடல் காற்று நன்றாக. முற்றிய நீர் கனமானது, கயிறு முனகுகிறது. தெருவில் போகிற எல்லோரும் கேட்கிறார்கள். பதில் சொல்லி மாளவில்லை.

செப். 24, புதன்

காலை: ஒன்றும் இல்லை. மதியம்: இல்லை. மாலை: இல்லை. டாக்டர் வெளியே வரக் காத்திருக்கும் வராந்தா போல. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. கேஸ் வந்தது.

செப். 25, வியாழன்

பூத்துவிட்டது!

காலை ஏழேகால். பெரிய பை ஒன்றின் அடிமூலையில், எள்ளளவு, வெள்ளையாக ஒரு மொட்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: குட்டிக் குட்டிக் கனசதுரங்கள். அதே பையின் முதுகில், சைக்கிளில் மாட்டும் பலகையில், கீழ்த் திருகாணியைச் சுற்றி மெல்லிய வளையம். மற்ற இரு பைகளும் சுத்தம்.

குழாய்த் தண்ணீர் காட்டாததை உப்பு காட்டிவிட்டது. கன்னியம்மாவை வேலியோரம் நின்று கத்திக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சொன்னனா இல்லியா? டீச்சருக்கே டீச்சரு நானு."

ஆமாம் என்றேன். மனதார.

பதினொரு மணிக்கு பிரம்மதேசத்திலிருந்து நாத்தனார் போன். வீட்டுக்காரர் தங்கையிடம் உளறியிருக்கிறார்.

"அண்ணி, ஓட்டையாமே? நல்லதாப் போச்சு. அதையே சொல்லி நிறுத்திருங்க. சக்கரை இருக்கற பொண்ணு. நாளைக்கு மாப்பிள வூட்ல கேட்டா இன்னா சொல்வீங்க?"

"சைக்கிள்ல கன்னியாகுமரி போனவன்னு சொல்வேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னது எனக்கே தெரிந்தது.

ஆனாலும், போனை வைத்ததும், அதே லேசான உணர்வு மறுபடி. இந்த மூலையை ம.விடம் காட்டி, "பார், இதை நம்பியா போவாய்?" என்று கேட்டால் போதும். அவள் நின்றுவிடுவாள். பொய்கூட இல்லை அது. அரை மணி நேரம் ஷெட்டில் அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெந்நீர் ஊற்றியபோது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்து நிறுத்தினால் அது வேறு.

சாயங்காலம் காட்டினேன். ம. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்ளோதான்மா. புதுசு வாங்க நேரமும் இல்ல."

"இடம் தெரிஞ்சிருச்சு இல்ல? இடம் தெரியாம இருந்தாதான் ஆபத்து. அடைச்சிரலாம்."

நிமிர்ந்து பார்த்தாள். "அடைக்கலாம்னு நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

செப். 26, வெள்ளி

முதலில் சைக்கிள் கடை. டியூபுக்குப் போடும் பஞ்சர் ஒட்டு. வீட்டுக்கு வந்து நகத்தால் நெம்பினேன், பொட்டு மாதிரி வந்துவிட்டது. ரப்பர் வேறு, இது வேறு.

பிறகு பஜாரில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை. கடைக்கார பாய் பையைத் தடவி, முகர்ந்து, ஓரத்தை வளைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பொருள் டீச்சர்மா. இதுவும் என் பேனரும் அண்ணன் தம்பி. நம்ம பசையே பிடிக்கும். துண்டு வெட்டித் தரேன்."

கத்தரியோடு போய் ஒரு பழைய பேனரை இழுத்தார். கண்ணீர் அஞ்சலி. பூமாலைக்குள் யாரோ ஒரு பெரியவர்.

"அது வேணாங்க பாய்."

"உள்பக்கம்தான் ஒட்டப் போறோம். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க சயின்ஸ் டீச்சர்தானே?" என்று சிரித்தார். சயின்ஸ் டீச்சர்தான். ஆனால் என் பெண்ணின் ஊசியும் பட்டையும் இருக்கப்போகிற பையில் கண்ணீர் அஞ்சலி வேண்டாம். இதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை, தேவையும் இல்லை.

காதணி விழா பேனர் ஒன்று கிடைத்தது. மூலைக்கு வந்த துண்டில் தாய்மாமன் மீசை, பாதி. திருகாணிக்கு வந்ததில் "வருக வருக"வில் ஒரு வருக. ஓரங்களை வட்டமாக வெட்டச் சொன்னேன். கூர்முனை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும், நோட்டு அட்டை போல. பாய் ஒரு கணம் யோசித்து, "கரெக்டு" என்றார். கடையில் இனி எல்லா ஒட்டையும் அப்படித்தான் வெட்டுவாராம். நடை வீடு வரை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

திருகாணிக்குப் பழைய டியூபில் வளையம் வெட்டிப் போட்டார் வீட்டுக்காரர். மூன்று முறை வெட்டி, நான்காவதில் சரியாக.

செப். 28, ஞாயிறு

வானம் மூட்டம். அளத்தில் உப்புக் குவியல்களுக்குத் தார்ப்பாய் போடத் தொடங்கிவிட்டார்களாம்.

ஒட்டிய பையில் வெள்ளி இரவே மறுபடி முற்றிய நீர். நாற்பது மணி நேரம். இன்று மதியம் ம.வே விரலால் மூலை, திருகாணி, தையல் எல்லாம் தடவினாள். பூதக்கண்ணாடி அவள் கையில். பூக்கவில்லை. எங்கேயும்.

பிறகு அலசல். உப்பு மிச்சம் இருந்தால் கொக்கியைத் தின்னும். ஆறாவது தண்ணீரை நாக்கில் வைத்தேன், கரித்தது. ஏழாவதில் இல்லை. ம.வும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். "பாஸ்" என்றாள்.

இருவரும் செய்தித்தாள் கசக்கி உள்ளே திணித்துக்கொண்டிருந்தோம். அவள், என்னைப் பார்க்காமல்:

"அன்னிக்கு அப்பிடிக் கேட்டது தப்பும்மா."

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"முழுசாத் தப்பில்ல. வேணும்னு பண்ணல. ஆனா அது கெட்டுப் போனதும், அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு நிமிஷம்."

கை நின்றது. காகிதத்தைக் கசக்கினாள், பிரித்தாள், மறுபடி கசக்கினாள்.

"அப்போ எனக்குப் பாதி மார்க்காவது போடு."

சிரித்தோம். அவர் உள்ளேயிருந்து "இன்னா அங்க சிரிப்பு?" என்றார்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. சைக்கிளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பைக்கு மட்டும் குங்குமம் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன், கறை போகாது. அவர் கொக்கியில் ஒரு பொட்டு வைத்துவிட்டார், நான் பொரி எடுக்கப் போன நேரத்தில்.

ஒட்டிய பெரிய பையில்: பட்டை டப்பா 2, மீட்டர், ஊசி, மருந்து குளிர்ப்பையில், குளுக்கோஸ். ஒட்டாத பையிலேயே வைக்கலாமே என்றார் அவர். "இல்லப்பா, இதைத்தான் ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிருக்கறோம். இதுதான் எனக்கு நிச்சயம்" என்றாள் ம.

ஒட்டாத பெரியதில் துணி. சிறியதில் சாப்பாடு. நான் கெடுத்த சிறியதில் செருப்பும் பம்ப்பும், நனையட்டும்.

அக். 3, வெள்ளி

காலை ஐந்தே முக்கால். லேசான தூறல், உடனே நின்றது.

தோழிகள் இருவரும் வந்துவிட்டார்கள். அளத்துக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் சாலையில் நின்று பார்த்தார்கள். கன்னியம்மா முன்னால் வந்து பையைத் தட்டி, "இது நானும் டீச்சரும் சேர்ந்து பாத்த பை. கடலுக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று எல்லோருக்கும் அறிவித்தாள். ஒருத்தி, "அப்போ மலரு, அப்பிடியே கடல் மேலயே ஓட்டினு போயிரு" என்றாள். ஒரே சிரிப்பு.

ம. கிளம்பும்போது நான் எதுவும் புத்தி சொல்லவில்லை. அதற்கு மட்டும் எனக்கு யாராவது பரிசு தர வேண்டும். சிவப்புப் பைகள் இரண்டும், இரு பக்கமும் தண்ணீர் நிற்கும் பாத்திகளுக்கு நடுவே, வளைவு வரை தெரிந்தன.

மதியம் சமைக்கப் பிடிக்கவில்லை. ரசம் மட்டும்.

அக். 5, ஞாயிறு

நேற்று நாகப்பட்டினம், இன்று வேதாரண்யம். போன வருடம் திரும்பிய இடத்தை முதல் நாளே தாண்டிவிட்டாள். "எந்த இடம்னே கவனிக்கலம்மா" என்கிறாள். நான் நம்பவில்லை. மழை இன்னும் இல்லை. மழை இல்லாமல் பை நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு என்ன பொருள்? படிக்காத மாணவன் கேள்வி கேட்காத வரை புத்திசாலி.

முட்டி வலி. தைலம்.

அக். 6, திங்கள்

இங்கே வெயில். டிவியில் தெற்கே மழை என்றார்கள். பத்து மணி முதல் போன் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கும் இல்லை. தோழிகளின் போனும் இல்லை. அவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மூன்று இருபதுக்கு ம.

"அம்மா, முத்துப்பேட்டை தாண்டி ஒரு பஸ் ஸ்டாப்புல இருக்கறேன். நாலு மணி நேரம் மழைம்மா. முன்னாடி போற சைக்கிளே தெரியல."

"பை?"

"இரு, சொல்றேன். பன்னெண்டு மணிக்கு ஒரு மாதிரி வந்துச்சு. கை நடுக்கம், வேர்வை. மழையில வேர்வைன்னு எப்பிடிடி தெரியும்னு இவளுங்க கேக்கறாளுங்க. எனக்குத் தெரியும். இறங்கி, பையைத் திறந்தேன். உள்ள காஞ்சி கிடக்குதும்மா. பவுடர் டப்பாவாட்டம். பட்டை எடுத்து வச்சேன், அஞ்சு செகண்டுல எண் வந்துருச்சு."

"எவ்ளோ?"

"அறுபத்தொண்ணு."

எழுபதுக்குக் கீழே போகவே கூடாது.

"குளுக்கோஸ் தின்னு உக்காந்தேன். கால் மணி கழிச்சி நூத்தி நாலு. இப்போ நூத்தி இருபது. மழை வுட்டதும் கிளம்புறோம். இவளுங்க போன்லாம் நனைஞ்சி செத்துப்போச்சு, இப்போ அதெல்லாம் என் பையில உக்காந்திருக்குது. சரி, வைக்கிறேன், டீ வந்துருச்சு."

வைத்துவிட்டாள்.

அவர் எதிரே நின்றார். "இன்னா சொன்னா?"

"அறுபத்தொண்ணாம்" என்றேன். அவர் முகம் வெளுத்தது. பதினெட்டு வருடமாக எங்கள் வீட்டில் அந்த எண்ணைக் கேட்டால் ஒருவர் சர்க்கரை டப்பாவுக்கும் ஒருவர் டம்ளருக்கும் ஓடுவோம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போல. "எதுக்குச் சிரிக்கிறே?" என்று அதட்டினார்.

எண் வந்ததே, அதற்கு.